பழைய அணியைக் கொண்டுவரவா?

அண்ணனுக்கு அந்த விளையாட்டு புளித்துப்போய் நாலு வருஷம் ஆகிறது. தம்பியிடம் அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. பதினெட்டு மாடிக் கட்டடத்தில் லிப்ட்டின் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு இரும்புக் கயிற்றைச் சோதிக்கிற ஆள் அவன். முப்பத்தெட்டு வயது. அப்பேர்ப்பட்டவனுக்கு, ஒரு வீடியோ கேம் மேல் இருந்த ஆசை விட்டுப்போய்விட்டது என்று கூடப் பிறந்தவனிடம் சொல்லத் துப்பில்லை. சிரிப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளலாம்.

கால்பந்து விளையாட்டு அது. வருஷத்துக்கு ஒரு பதிப்பு என்று இருபத்து நாலு வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது. கம்பெனிக்காரன் அப்படி என்னதான் மாற்றுகிறான் என்றால், அட்டையில் சிரிக்கிற ஆட்டக்காரனை மாற்றுவான், சட்டைக்குச் சாயம் மாற்றுவான், புல்லுக்குப் போன வருஷத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பச்சை அடிப்பான். மற்றபடி அதே பந்து, அதே கம்பம். கோல் விழுந்தால் அதே குரல் அதே வார்த்தையைக் கத்தும். ஒரு காலத்தில் அந்தக் குரலைக் கேட்டாலே அண்ணனுக்கு உடம்பு சிலிர்க்கும். இப்போது பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் மாதிரி காதில் விழுந்துவிட்டுப் போகிறது. பெரிய டிவி வாங்கிப் பார்த்தான். கஷ்டமான நிலைக்கு மாற்றி ஆடிப் பார்த்தான். எட்டு மாதம் தொடாமல் வைத்திருந்தும் பார்த்தான். ம்ஹூம். கட்டைவிரல் அது பாட்டுக்கு ஓடுகிறது, மனசு ஒட்டவில்லை. போன பிரியத்தைக் கையைப் பிடித்து இழுத்துவரவா முடியும்?

பிடிக்கவில்லை என்றால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்றாள் மனைவி. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், எதையும் சொல்லித் தொலைத்தே பழக்கம். அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள்.

சிக்கல் விளையாட்டில் இல்லை, அணியில் இருந்தது. முதல் பதிப்பு வீட்டுக்கு வந்தபோது அண்ணனுக்குப் பதினாலு வயது, தம்பிக்குப் பதினொன்று. புதிதாக ஆட்டக்காரர்களை உருவாக்கிக்கொள்ள அதில் ஒரு வசதி இருந்தது. இதுகள் சும்மா இருக்குமா? சொந்தபந்தம் மொத்தத்தையும் அணியில் சேர்த்துவிட்டன. அம்மா கோல் கீப்பர், ஏனென்றால் அவள் கண்ணுக்குத் தப்பி வீட்டுக்குள் ஒரு துரும்பு நுழைய முடியாது. பெரியப்பா தடுப்பாட்டம். அவர் அசையமாட்டார், வந்து இடித்தவன்தான் விழுவான். ஒவ்வொருவருக்கும் வேகம், தெம்பு, கவனம், கோபம் என்று நூற்றுக்கு மதிப்பெண் போட வேண்டும். மாமாவின் கோபத்துக்குத் தொண்ணூற்றொன்பது போட்டார்கள். அதற்குமேல் இயந்திரம் இடம் கொடுக்கவில்லை.

அடுத்த வருஷப் பதிப்பில் இந்த அணி வராது. ஒவ்வொருத்தராக முதலிலிருந்து ஏற்ற வேண்டும். ஆகவே புதுப் பதிப்பு வருகிற வெள்ளிக்கிழமை இருவரும் லீவு போட்டுவிடுவார்கள். தம்பி வேறு ஊரில் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவன். இரண்டு மணி நேரம் ரயிலில் வருவான். வருஷம் முழுக்க ஒரு நோட்டில் குறித்து வைத்ததைப் படிப்பான், அண்ணன் தட்டுவான். பெரியப்பா வேகம் முப்பத்தொன்று, முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கிறது. சித்தி தெம்பு எண்பது, பென்ஷன் வந்ததிலிருந்து ஆள் பறக்கிறாள். இப்படிப் பத்தொன்பது பேரையும் முடிக்கவே மத்தியானம் ஆகிவிடும். விளையாட்டெல்லாம் அதற்கப்புறம்தான்.

வீட்டுச் சேதியெல்லாம் அந்த நோட்டிலிருந்துதான் வெளியே வந்தது. முகத்தைப் பார்த்துப் பேசுகிற ரகமில்லை இரண்டு பேரும். போனில் சாப்பிட்டியா, மழையா, வச்சிடட்டுமா, அத்தோடு சரி. கண் திரையில் இருந்தால் மட்டும் தம்பிக்கு வாய் திறக்கும். மாமாவுக்கு நெஞ்சுவலி என்பதை, தெம்பு நாற்பதுக்கு மேல் போடாதே என்றுதான் சொன்னான். அண்ணன் பரீட்சையில் கோட்டைவிட்டபோது, எனக்குக் கவனம் இருபது போடு என்று தம்பியிடம் சொன்னதுதான் முதல் வாக்குமூலம். அப்பாவுக்கு மறுவாரம்தான் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, இடது ஓரத்துக்குப் புதிதாக ஓர் ஆள், வேகம் தொண்ணூறு என்றான் தம்பி. யாருடா அது என்று அண்ணன் கேட்டான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தம்பி ஒரு மணி நேரம் பேசினான். அடுத்த வருஷம் அந்த இடது ஓரம் அவன் மனைவியாக வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இப்போது சொல்லுங்கள், ஆசை போய்விட்டது என்பதை எந்த வாயால் சொல்வது? சொன்னால் தம்பி வருத்தப்படமாட்டான், சரிண்ணா என்பான். அப்புறம் வருகிறதற்கு அவனுக்கு ஒரு காரணமும் இருக்காது. அந்தப் பயத்தில்தான் அண்ணன் நாலு வருஷமாகக் கடனே என்று தட்டிக்கொண்டிருந்தான்.

இந்த வருஷம் தம்பி அதிகம் கூப்பிடவில்லை. ஒரே ஒரு தடவை போன் செய்து, "இந்த வருஷம் நிறைய மாத்தணும்ணா. லீவு மட்டும் போட்டு வை" என்றான். ஐயோ, இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தட்ட வேண்டுமா என்று அண்ணனுக்கு அலுப்புத் தட்டியது. வேறெதுவும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோனது. அவன் தொழிலில் முதல் விதி, கதவில் கை வைக்கும் முன் பேச்சுக் கொடுப்பது. உள்ள எத்தனை பேரு, லைட் எரியுதா, உட்கார இடம் இருக்கா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே பேச்சு நின்றால் உள்ளே இருப்பவருக்கு உயிர் போய்விடும். முன்பின் தெரியாதவரிடம் இரும்புக் கதவு வழியாகப் பேசுவதில் அண்ணனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அன்றைக்கு ஒரு கணக்கெழுதும் அம்மாளிடம் நாற்பது நிமிஷம் பேசி, சிரிக்கவே வைத்து, வெளியே எடுத்தான். வீடு திரும்பும்போது முதுகு விட்டுப்போயிருந்தது.

இந்தத் தடவை ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்ட புதுப் பதிப்பைச் சாயங்காலம் ஏற்றினான். திரையில் என்றுமில்லாத ஒரு கேள்வி வந்தது: பழைய அணியைக் கொண்டுவரவா? அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இருபத்து நாலு வருஷத்தில் கம்பெனிக்காரன் செய்த முதல் புண்ணியம் என்று நினைத்தான். அமுக்கினான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அம்மாவிலிருந்து சித்திவரை பத்தொன்பது பேரும் வரிசையாக வந்து நின்றுவிட்டார்கள். நாலு வருஷத்தில் அந்த விளையாட்டு அவனுக்குச் சந்தோஷம் கொடுத்தது அந்த ஒரு நிமிஷம்தான். நாளைக்குத் தம்பியோடு ரெண்டு ஆட்டம் ஆடிவிட்டுச் சாப்பிட்டால் முடிந்தது வேலை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தம்பி வந்தான். சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. இளைத்திருக்கிறான் என்பது அண்ணன் கண்ணில் பட்டது, மனசில் படவில்லை. தம்பி ஷூவைக்கூடக் கழற்றாமல் பையிலிருந்து நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"நோட்டெல்லாம் வேணாம்டா. எல்லாரையும் நேத்தே கொண்டு வந்துட்டேன்" என்றான் அண்ணன், பெரிய சாதனை செய்தவன் மாதிரி.

தம்பி திரையைப் பார்த்தான். மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் படித்தான். இடது ஓரத்துக்கு வந்ததும் அங்கேயே நின்றான். பிறகு மதிப்பெண்ணையாவது திருத்தலாமா என்று மெதுவாகக் கேட்டான். அண்ணன் அமுக்கிப் பார்த்தான். பழைய பதிப்பிலிருந்து வந்தவர்களைத் திருத்த முடியாது, வேண்டுமென்றால் மொத்த அணியையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று திரை சொன்னது.

"மறுபடி முதல்ல இருந்தா? விடுடா. போன வருஷத்துதே இருக்கட்டும். ஒரு வருஷத்துல யாரு மாறிடப் போறாங்க?"

தம்பி நோட்டை மூடினான். சரிண்ணா என்றான்.

ஆடினார்கள். தம்பியின் விரலிலும் சுரத்தே இல்லை. தன் சலிப்பு எங்கே வெளியே தெரிந்துவிடுமோ என்று அண்ணன் இல்லாத உற்சாகத்தை வரவழைத்துக்கொண்டு ஆடினான். இடது ஓரத்துக்குப் பந்தைத் தள்ளினான். வேகம் தொண்ணூறு, கேட்க வேண்டுமா? இரண்டு பேரைத் தாண்டி ஓடி, பந்தை வலைக்குள் போட்டுவிட்டுத் திரையில் கையை விரித்துக்கொண்டு அவர்களை நோக்கி ஓடிவந்தாள்.

"பாத்தியாடா உன் வீட்டுக்காரியை! நிக்கறாளா பாரு, என்ன ஓட்டம்!" என்று அண்ணன் தொடையைத் தட்டினான்.

தம்பி சிரித்தான். உதடு மட்டும்தான் சிரித்தது. சாயங்கால வண்டிக்குப் போகிறவன் அன்றைக்கு இரண்டு மணி வண்டிக்கே கிளம்பினான். தட்டில் போட்டது பாதி அப்படியே இருந்தது. வாசலில் செருப்பு அலமாரியைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அடுத்த வருஷம் வேணாம்ணா. உனக்கும் அலுத்துப் போச்சுல்ல?"

நாலு வருஷமாக அண்ணன் காத்திருந்த விடுதலை காலடியில் வந்து விழுந்தது. பாவி, அதை வேண்டாம் என்று உதறவும் முடியவில்லை, எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை. அப்படியெல்லாம் இல்லடா என்று முனகினான். அது அவன் காதுக்கே எட்டவில்லை. தம்பி படியிறங்கிப் போய்விட்டான்.

சோபா மெத்தையைச் சரிசெய்யும்போது இடுக்கில் நோட்டு கிடைத்தது. மறந்து வைத்தானா, வேண்டுமென்றே வைத்தானா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அண்ணன் நின்றபடியே பிரித்தான். கண்ணாடி தேய்க்கிறவனுக்கே உரிய பொடி எழுத்து, கோடு போட்ட மாதிரி நேராக. பெரியப்பா, மாமா, சித்தி, எல்லாருக்கும் புது மதிப்பெண். இடது ஓரத்தின் பெயர்மேல் ஒரு கோடு. பக்கத்தில், 'அணியில் இல்லை. விட்டுப்போய் ஐந்து மாதம்' என்று இருந்தது. அதற்குக் கீழே தம்பியின் பெயர். போன வருஷம் தெம்பு எழுபத்தொன்று. இந்த வருஷம் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டை மூன்று தடவை அழித்து அழித்து எழுதியிருந்தான், தாள் நைந்திருந்தது. அதற்கு நேராகப் பென்சிலில் ஒரு வரி: 'அண்ணன் ஏன் என்று கேட்டால், எல்லாம் சொல்லிவிட வேண்டும்.'

அண்ணனுக்கு, ஒரு வருஷத்துல யாரு மாறிடப் போறாங்க என்று கேட்ட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆட்டம் அலுத்தது ஒரு குற்றமா? இல்லை. ஆனால் கேட்கிறதற்கு இருந்த ஒரே இடத்தை ஒரு பொத்தானை அமுக்கி மூடியது அவன்தான். போனை எடுத்தான்.

தம்பி எடுத்தான். ரயில் சத்தம் பெரிதாகக் கேட்டது. சொல்லுண்ணா என்றான். சாப்பிட்டியா என்று கேட்க முடியாது, சாப்பிடாததைக் கண்ணால் பார்த்தாயிற்று. எதைப் பார்த்துக்கொண்டு பேசுவது என்று தெரியாமல் அண்ணன் சுவரைப் பார்த்தான். தொழில்தான் கைகொடுத்தது.

"உள்ள... வீட்டுக்குள்ள எத்தனை பேருடா இருக்கீங்க இப்போ?"

"நான் மட்டும்தான்ணா."

"லைட்டெல்லாம் போட்டு வச்சுக்கறியா?"

"இல்லண்ணா" என்றான் தம்பி. என்னவோ சொல்ல ஆரம்பித்தான், "அவ போனதுலேர்ந்து நான்..." என்பதுவரை கேட்டது. லைன் அறுந்துவிட்டது.

அண்ணன் திரும்பக் கூப்பிட்டான். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது ஒரு பெண் குரல். மறுபடி கூப்பிட்டான். மறுபடி அதே குரல், அதே வார்த்தை. வெளியே பேச்சு நிற்கக் கூடாது என்பதுதான் விதி. நாலு மணிக்கு மனைவி வேலை முடிந்து வந்தபோது, டிவி திரையில் பத்தொன்பது பேரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் காதில் போனை வைத்துக்கொண்டு, எடுக்காத போனில், "இருக்கியாடா? நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.