இரண்டாவது உதை

டெல்மர் ஹாக்கின்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னே வராதா? இருபத்தெட்டு வருஷம் ஒன்பது ஊர்களில் அடுத்தவருக்கு உதவிக் கோச்சாகக் கிடந்து, ஐம்பத்து நாலாம் வயதில்தான் டொலீடோவின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குத் தலைமைக் கோச் ஆனார். வந்து இரண்டே வருஷம். அதற்குள், "கடைசி ஆட்டத்துல ஜெயிச்சா இருங்க, இல்லேன்னா திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று முதலாளியம்மா மிசஸ் ஆல்கிரென் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை என்றால் அந்தத் தொழிலில் எல்லோருக்கும் அர்த்தம் தெரியும். சீசன் முடிந்த மறுநாள், கோச்சுகளை வீட்டுக்கு அனுப்பும் நாள்.

கடைசி ஆட்டமும் வந்தது. டொலீடோ இரண்டு புள்ளி முன்னால். மிச்சம் மூன்றே விநாடி. ஓமஹா அணிக்கு ஒரு உதை பாக்கி. பந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி, ஆட்டம் அவர்களுக்கு. போகாவிட்டால் டெல்மரின் வேலை தப்பியது.

உதைக்க வந்து நின்றவன் டோபின் ராஸ்க். ஆகஸ்ட் வரை டெல்மரிடம் இருந்தவன்தான். பயிற்சியில் அவனுடைய முதல் உதை எப்போதும் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். இரண்டாவது நூல் பிடித்தாற்போல் நடுவில் போகும். "ஆட்டத்துல ரெண்டாவது உதை யாருப்பா தருவா உனக்கு?" என்று கேட்டுத்தான் டெல்மர் அவனை வெளியே அனுப்பினார்.

டெல்மரிடம் ஒரு டைம் அவுட் மிச்சம் இருந்தது. உதைக்கிறவன் மூச்சை இழுத்துத் தயாராகும் அந்த நொடியில் ஆட்டத்தை நிறுத்தச் சொல்வது கோச்சுகளின் பழைய வேலை. காத்திருக்கக் காத்திருக்க அவனுக்குக் கால் நடுங்குமாம்.

"வேணாம் கோச்," என்றார் உதவிக் கோச் ரே டுகான். "இவனைப் பத்தி நமக்குத் தெரியாதா? விடுங்க, அவனே சொதப்பிடுவான்."

டெல்மருக்கும் நன்றாகவே தெரியும். ஆனால் நவம்பரில் இதே மாதிரி ஓர் ஆட்டத்தில் டைம் அவுட் கேட்காமல் தோற்றபோது, "கையில வச்சுக்கிட்டு மரம் மாதிரி நின்னீங்களே!" என்று மிசஸ் ஆல்கிரென் பத்திரிகைக்காரர்கள் முன்னாலேயே காய்ச்சி எடுத்திருந்தாள். இப்போதும் மேலே கண்ணாடி அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பாழாய்ப்போன பயம்! டெல்மர் நடுவர் பக்கம் சாய்ந்து, "டைம் அவுட்" என்றார்.

விசில் ஊதுவதற்குள் டோபின் உதைத்துவிட்டான். பந்து வலப்பக்கம் இழுத்துக்கொண்டு கம்பத்துக்கு வெளியே போய் விழுந்தது. அரங்கமே எழுந்து கத்தியது. டொலீடோ பையன்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நடுவர் இரண்டு கைகளையும் ஆட்டினார். அந்த உதை செல்லாது, மறுபடி உதைக்கலாம்.

"போச்சு," என்றார் ரே.

இரண்டாவது உதை நட்டநடுவில் போனது.

கைகுலுக்கும் கூட்டத்தில் டோபின் தேடிக்கொண்டு வந்தான். குத்திக்காட்ட வந்திருந்தாலாவது தேவலை. அவன் கண் கலங்கியிருந்தது. "ரெண்டாவது உதை யாரு தருவான்னு கேட்டீங்களே கோச். நீங்களே தருவீங்கன்னு நினைக்கவே இல்ல."

"போடா, போய்க் குளி," என்றார் டெல்மர்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே அழைப்பு வந்தது. உட்காரக்கூடச் சொல்லவில்லை அந்த அம்மாள்.

"அந்த டைம் அவுட்டை எதுக்குக் கேட்டீங்க? பையனைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம். நவம்பர்ல நீங்கதான்..."

"நான் ஆயிரம் சொல்வேன். டிக்கெட் வாங்கிப் பார்க்கிறவன்கூடத்தான் சொல்றான். கோச் நீங்களா, நானா?"

டெல்மர் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். அங்கே ரே தன் சாமான்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். தலைமைக் கோச்சுக்குச் சீட்டுக் கிழிந்தால் அவர் ஆட்களுக்கும் சேர்த்துத்தான் கிழியும்.

"உனக்குமா ரே? நீ வேணாம்னுதானே சொன்னே!"

"சொன்னேன்," என்றார் ரே, தலையைத் தூக்காமல். "அந்த டேப்பைக் கொஞ்சம் எடுங்க கோச், பெட்டி ஒட்டணும்."