முட்டிச் சில்லுக்குப் பின்னால்

பேருந்து ஓட்டும் அவளுக்குச் சில மாதங்களாகவே இடது முட்டியின் முன்பக்கம் குடைந்துகொண்டிருந்தது. கிளச்சை மிதித்தாலும் படியிறங்கினாலும் உயிர் போனது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய அக்காவுக்கும் முட்டிவலி என்றுதான் ஆரம்பித்தது. எலும்பில் கட்டி என்று தெரிந்து, கல்லூரியில் படிக்கும்போதே ஒரு காலை எடுத்துவிட்டார்கள்.

கணவன் தையல்காரன். அவன் கண்ணுக்குத் தப்புமா?

"நடையே கோணிப்போச்சு. என்னன்னு சொல்லப்போறியா இல்லையா?" என்று மடக்கி, மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

எக்ஸ்ரேயில் எலும்பு சரியாகத்தான் இருந்தது. "உள்ள குருத்தெலும்பையும் பாத்துடலாம்" என்று டாக்டரம்மா ஸ்கேனுக்கு எழுதியதும் அவள் கணவனின் கையைப் பற்றிக்கொண்டாள்.

இயந்திரத்துக்குள் காலை நீட்டிப் படுத்தாள். டமடமவென்று காதைப் பிளந்த சத்தம் ஒருவழியாக ஓய்ந்தபோது, ஸ்கேன் எடுக்கும் பெண் உள்ளே வந்தாள்.

"அக்கா, இன்னொரு தடவை எடுக்கணும்."

"ஏம்மா... ஏதாவது தெரியுதா?"

"படமே தெரியல. காலை ஆட்டிட்டீங்க, எதையோ மிதிக்கிற மாதிரி."

பயத்தில் கிளச்சை மிதித்திருக்கிறாள்!

"பஸ் ஓட்டுற கால்மா, சொன்ன பேச்சு கேக்காது."

"அப்ப வண்டிய ஓரங்கட்டிட்டுப் படுங்க" என்று சிரித்தபடி அந்தப் பெண் பாதத்தின் இருபுறமும் சிறு தலையணைகளைச் செருகினாள்.

மாலையில் டாக்டரம்மா படத்தைத் திரையில் காட்டினார். "கட்டி கிட்டி எதுவும் இல்ல. இதுதான் முட்டிச் சில்லு. நேரா ஓடாம கொஞ்சம் வெளிப்பக்கமா நகருது. அதுக்குப் பின்னால இருக்கிற குருத்தெலும்பு உரசி உரசி லேசா தேஞ்சிருக்கு. தொடைத் தசைக்குப் பயிற்சி செஞ்சா வலி குறைஞ்சிடும்."

"திரும்பச் சொல்லுங்க டாக்டர்."

"தொடைத் தசைக்கு..."

"அது இல்ல. முதல்ல சொன்னீங்களே, அது."

டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். "கட்டி இல்லம்மா."

கணவன் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினான்.

வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் கேட்ட அக்கா வெடித்தாள். "எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"உங்கிட்ட எப்படிக்கா சொல்றது?"

"நேர்ல வா, உதைக்கிறேன்!"

இருவருமே ஒரு கணம் திகைத்துப்போனார்கள்.

"இருக்கிற காலாலதான்டி" என்று அக்கா முதலில் சிரித்தாள். தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.