வாளிக்காரன்

வாளிக்காரன் மறுபடியும் பள்ளத்தில் விழுந்தான். விழும்போது வழக்கம்போல இரண்டு கையையும் மேலே தூக்கினான், வாளி தலையில் கவிழ்ந்தது, பீப் என்று ஒரு சத்தம். அக்கா கேம் ரிமோட்டோடு தரையில் உட்கார்ந்து சோபாவின் காலில் முதுகைச் சாய்த்திருந்தாள். தம்பி அவளுக்குப் பின்னால், சோபாவில். வெகு நேரமாக அவன் டிவியைப் பார்க்கிறானா, டிவிக்கு மேலிருக்கும் சுவரைப் பார்க்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"லேட்டா குதிக்கிற," என்றான்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வாயை மூடிக்கொள்வான் என்று தோன்றியது. அவனாக ஒரு வார்த்தை பேசிப் பல நாள் ஆகியிருந்தது. கேட்டால் பதில் வரும். சாப்பிட்டியா, ம். வலிக்குதா, இல்ல. கொஞ்சம் நடக்கலாமா, பாக்கலாம். அந்தப் 'பாக்கலாம்' வீட்டில் இன்னொரு ஆளைப் போல ஆகிவிட்டிருந்தது. எதைச் சொன்னாலும் அதுதான் முதலில் எழுந்து வந்து கதவைத் திறந்தது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது இடது கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது. குனிந்து எடுக்கப் போனால் அந்தக் கை அவன் சொன்னபடி வரவில்லை. கீழே இருந்த கூட்டாளிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். நாக்கு குழறியதில் அவர், "என்னப்பா, காலையிலயே ஊத்திக்கிட்டியா," என்று சிரித்திருக்கிறார். பிறகு சந்தேகம் வந்து மேலே ஓடியிருக்கிறார். சற்று முன்பு அவன் சரிசெய்த லிஃப்டில்தான் அவனைக் கீழே இறக்கினார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில். பேச்சு சில நாளில் திரும்பியது. கால், ஊன்றுகோலை நம்பி நடக்கிற அளவுக்கு வந்தது. இடது கை வரவில்லை. அது அவன் மடியில், யாரோ கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போலக் கிடந்தது.

அவன் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், "அண்ணி, ஞாயித்துக்கிழமை மட்டும் நீங்க வந்து இருக்கீங்களா," என்று கேட்டாள். அக்கா சரி என்றாள். அக்கா பல் செட் செய்யும் லேபில் இருக்கிறாள். எதிரே வருகிற யாராவது நன்றாகச் சிரித்தால் "உன் கைவேலையா?" என்று தம்பி முன்பெல்லாம் காதோரம் கேட்பான். இப்போது அவளே அந்தக் கிண்டலை எடுத்துப் பார்த்தாள். அவன் "ம்" என்றான்.

குளிக்கும்போது உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும் என்று பரணில் ஏறியவள் கண்ணில் அந்தப் பெட்டி பட்டது. வெள்ளையாக வாங்கிய வீடியோ கேம் பெட்டி, பழைய பல் மாதிரி மஞ்சளேறியிருந்தது. உள்ளே ஒரே ஒரு கேசட். அதன் ஸ்டிக்கரில் இருந்த எழுத்து எந்த நாட்டுடையது என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. தொப்பியும் வாளியுமாக ஒரு குள்ளன் ஓடுவான், குதிப்பான், ஏணி ஏறுவான். அதனால் அக்காவும் தம்பியுமாக வைத்த பெயர் வாளிக்காரன். இப்போதைய டிவியில் அந்த ஒயரைச் செருக இடமே இல்லை. அதற்கொரு கன்வெர்ட்டர் கேட்டு அவள் போய் நின்றபோது, "இத வெச்சு என்னம்மா பண்ணப்போறீங்க," என்றார் கடைக்காரர். தம்பியைக் குணப்படுத்தும் யோசனை எதுவும் அவளிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பகல் நீளமாக இருந்தது, அவ்வளவுதான்.

சின்ன வயதில் ஆடியதெல்லாம் அவன்தான். அவள் முறை வந்தால் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதனால் தன் முறையையும் அவனுக்கே கொடுத்துவிட்டு, தலையணையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள். அவன் அருவி வரைக்கும் போவான். அருவிக்குக் குறுக்கே மிதக்கும் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கும். அதைத் தாண்டி என்ன இருக்கிறதென்று இரண்டு பேருக்கும் தெரியாது. அவனுக்கு மீசை முளைத்தது, அவளுக்குக் கல்யாணம் ஆனது, பெட்டி பரணுக்குப் போனது.

"இப்பவும் லேட்டு," என்றான் தம்பி பின்னாலிருந்து. "ஓரத்துக்கு வந்து யோசிக்காத. ஓடி வரும்போதே குதிக்கணும்."

"ஓடினா விழுந்துடுவான்டா."

"நின்னாலும்தான் விழறான்."

அவள் ஓடினாள். வாளிக்காரன் பள்ளத்தைத் தாண்டிவிட்டு, அடுத்த நொடி ஒரு முள்ளம்பன்றி மேல் இறங்கிச் செத்தான். தம்பியின் மூக்கிலிருந்து சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வலது கையை நீட்டினான்.

"குடு."

ரிமோட்டை அவன் மடியில் வைத்தாள். வலது பக்கம் குதிக்கிற பட்டன். அதில் அவன் கட்டைவிரல் போய் உட்கார்ந்ததைப் பார்த்தால் இடையில் இத்தனை வருஷம் போனதாகவே தெரியவில்லை. நடக்க வைக்கிற சிலுவைப் பட்டன் இடது பக்கம். இடது கையை வலது கையால் எடுத்து அதன் மேல் வைத்தான். விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். வாளிக்காரன் தொடங்கின இடத்திலேயே நின்றான், முள்ளம்பன்றி வந்து இடித்தது. ரிமோட்டை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வலது கையாலேயே இரண்டு வேலையையும் செய்து பார்த்தான். முதல் பள்ளம்கூடத் தாண்டவில்லை. ஒயரோடு சேர்த்து அதை எதிர்ச்சுவரில் அடித்தான்.

"எடுத்துட்டுப் போயிடு இத."

அக்கா எழுந்து போய் எடுத்தாள். அடிபட்டதில் சிலுவைப் பட்டன் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. திரையில் வாளிக்காரன் யாரும் சொல்லாமல் வலது பக்கமாக நடந்துகொண்டே இருந்தான். பள்ளத்தில் விழுந்தான், மீண்டு வந்தான், மறுபடி நடந்து போய் விழுந்தான். உயிரெல்லாம் தீரும்வரை இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா பையில் ரிமோட்டைப் போட்டுக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். மறுநாள் லேபில் அதைத் திறந்து பார்த்தாள். பட்டனுக்கு அடியில் இருக்கும் ரப்பர் மெத்தை கிழிந்திருந்தது. பல்லுக்கு அச்சு எடுக்கும் ரப்பர் மாவைப் பிசைந்து அதே அளவில் புதிதாக ஒன்று வார்த்து, பழையதில் மின்சாரம் கடத்துவதற்கென்று இருந்த கறுப்புப் பொட்டுகளை வெட்டி அதன் அடியில் ஒட்டினாள். பக்கத்து மேஜைக்காரி "யாரோட பல்லு இது?" என்றாள். "தம்பியோடது," என்றாள் அக்கா.

அடுத்த ஞாயிறு தரையில் உட்காராமல் சோபாவில், அவனுக்கு இடது பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ரிமோட்டின் ஒரு பாதியைத் தான் பிடித்துக்கொண்டு மறுபாதியை அவன் வலது கைக்கு நீட்டினாள்.

"நான் நடக்கறேன். நீ குதி."

"சரியா வராது."

"வராதுதான். பிடி."

சரியாக வரவில்லை. அவள் நிற்கும்போது அவன் குதித்தான், அவன் காத்திருக்கும்போது அவள் ஓடினாள். "ஓடறதுக்கு முன்னாடி சொல்லிட்டு ஓடு" என்றான். சொல்லிவிட்டு ஓடினால் லேட்டாகிறது என்றான். அவளுக்குக் கோபம் வந்து, "அப்ப நீயே நட," என்றாள். சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவனைப் பார்த்தாள். அவன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "ஏணி வருது, கவனி," என்றான்.

வார நாட்களில் வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி பெண்ணிடம் அவன் மனைவி இதைச் சொன்னாள். "ஆடட்டும், நல்லதுதான். ஆனா அது எக்சர்சைஸ் இல்ல," என்றாள் அந்தப் பெண். "தோள தூக்கறத அவர் பண்ணித்தான் ஆகணும்." அக்காவுக்கு அந்தத் தோளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். நெருக்கி உட்கார்ந்ததில் அவன் இடது தோள் அவள் வலது தோளில் எப்போதும் சாய்ந்திருந்தது. அவன் குதிப்பதற்குச் சற்று முன்பு, உயிரில்லை என்று எல்லோரும் சொன்ன அந்தத் தோளில் ஒரு சின்ன இறுக்கம் வந்தது. அவன் அறிந்து செய்வதாகத் தெரியவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவன் அதையே கவனிக்க ஆரம்பிப்பான், கவனித்தால் நின்றுவிடும் என்று பயந்தாள். வாயால் சொல்லிக்கொள்வதை அதற்குப் பிறகு நிறுத்திவிட்டாள். அந்த இறுக்கம் வந்ததும் பட்டனை அழுத்தினாள்.

ஒருநாள் மனைவி சீக்கிரம் வந்துவிட்டாள். உள்ளே கணவன் உரக்கக் கத்துவது கேட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள்.

"என்ன அண்ணி, கத்தறாரு?"

"என்னைத்தான் திட்டறான்."

"திட்டறாரா," என்றாள் அவள். "திட்டட்டும்." சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் எதுவும் புழங்கிய சத்தம் வரவில்லை.

இன்னொரு ஞாயிறு, அருவிக்கு முந்தைய கட்டத்தில், அவன் பேச்சை எடுத்தான்.

"ஆபீஸ்ல போன் எடுக்கற வேல இருக்குங்கறாங்க. லிஃப்ட் நின்னுடுச்சுன்னு கூப்பிடுவாங்கல்ல, அது."

"நீ என்ன சொன்ன?"

"பாக்கலாம்னேன்." வாளிக்காரன் ஒரு பீப்பாயைத் தாண்டினான். "உள்ள மாட்டிக்கிட்டவங்க ரொம்பப் பயந்துடுவாங்க. எனக்குப் போய்த் திறந்துவிட்டுதான் பழக்கம். போன்ல என்னத்த சொல்றது?"

"என்ன சொல்லணும்?"

"ஆள் வந்துட்டிருக்கு, கதவ நெம்பாதீங்க, காத்து உள்ள வரும், மூச்சு முட்டாது. அதான்."

"அதச் சொல்லேன்."

பீப்பாய்கள் வேகமாக வர ஆரம்பித்திருந்தன.

கை அதன் போக்கில் கொஞ்சம் வந்தது. சட்டைக் கைக்குள் தானாக நுழைகிற அளவுக்கு, பொத்தான் போடுகிற அளவுக்கு இல்லை. அவன் போன் வேலையில் சேர்ந்தான். போகும்போதும் வரும்போதும் கூட்டாளியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டான். மோட்டார் அறையைப் பற்றிப் பேசுவதைத் தவிர்த்தான். போனில் யார் எப்படி அழுதார்கள் என்று சில சமயம் அவனாகவே சொன்னான். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வர வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. இருந்தும் வந்தாள்.

அருவியைத் தாண்டியது அப்படி ஒரு மத்தியானம். தாண்டப்போகிறோம் என்று இருவருக்கும் தோன்றவில்லை. பலகை மூழ்கியது, தோள் இறுகியது, அடுத்த பலகை, அடுத்தது. கடைசிப் பலகை பாதி மூழ்கியிருக்கும்போது வாளிக்காரன் அந்தரத்தில் இருந்தான். பிறகு கரையில் இருந்தான். திரை கறுத்து, மெல்ல விடிந்தது.

அது ஒரு தெரு. இருட்டு நேரம், வரிசையாக வீடுகள், சன்னல்களில் மஞ்சள் கட்டங்கள். முள்ளம்பன்றி இல்லை, பீப்பாய் இல்லை, பள்ளமும் இல்லை. மூலையில் எப்போதும் குறைந்துகொண்டே வரும் நேரத்தைக்கூடக் காணோம். பாட்டு மாறியிருந்தது, இரண்டே சுரம், மெதுவாக.

"எங்கிருந்து வரும்?" என்றாள் அக்கா.

"தெரியல. இரு, அவசரப்படாத."

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு வந்து, சோபாவின் பின்னால் நின்றாள். "முடிஞ்சிருச்சா?" என்றாள். அக்காவின் விரல் பட்டன் மேல் இருந்தது, தம்பியின் விரலும் இருந்தது, இரண்டு பேரும் அழுத்தவில்லை. எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்த வாளிக்காரன் தானாகவே இடதுபுறம் திரும்பினான், வலதுபுறம் திரும்பினான். பிறகு ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி, அதனால் முகத்தை விசிறிக்கொள்ள ஆரம்பித்தான்.