துடைப்ப வண்டி வருவதற்குள்

1
இந்தக் கதை நான் திருடியது. போன ஜூலையில், இருபது வருடப் பழக்கத்தை விடாமல், விடுமுறைக்குப் பிரான்ஸின் பிரனீஸ் மலையேறிச் சைக்கிள் பந்தயம் பார்க்க ஒரு வளைவில் இடம்பிடித்திருந்தேன். பக்கத்தில் நின்ற பெண் நூற்றைம்பது பேருக்குக் கைதட்டினாள். கடைசி ஆள் வந்தபோது மட்டும் தட்டவில்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. அதனால் எழுதுகிறேன்.

2
'மேகங்கள் மலையைத் தழுவிக்கொண்டிருந்த அந்த இனிய காலையில்…'

வேண்டாம். மேகமே இல்லை, வெயில் மண்டையைப் பிளந்தது.

மைலிஸ் (அந்தப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர்) மூன்று நாளாக அந்த வளைவில் வேனை நிறுத்திக் காத்திருந்தாள். அவள் கணவன் பெயோ பந்தயக்காரன். ஜெயிக்கிற ஆள் இல்லை, ஜெயிக்கிறவனுக்குத் தண்ணீர் பாட்டில் சுமக்கிற ஆள். வருடத்தில் அறுபது நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அவளுடைய விடுமுறையும் ஜூலையில்தான், அவனுடைய பெரிய பந்தயமும் ஜூலையில்தான். ஆகவே அவளுக்கு விடுமுறை என்றால், ரோட்டில் பெயிண்ட்டால் அவன் பெயரை எழுதிவிட்டு, அவன் கடந்துபோகிற அரை நிமிடத்துக்காகக் காத்துக் கிடப்பது.

[அறுபது என்பது என் உத்தேசம். அவளைக் கேட்டால் விரல் விட்டுச் சரியாகச் சொல்வாள்.]

3
பக்கத்து வேனில் ஒதில். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், காதை விட்டு ரேடியோவை எடுக்கமாட்டாள்.

"ஏம்மா மைலிஸ், உன் ஆளு எங்க? வழியில எங்கயாச்சும் குட்டித் தூக்கம் போடுறானா?"

"வருவான். வயித்துக்குச் சேரலன்னு காலைலயே போன் பண்ணான்."

"கடைசி ஆளே அவன்தானாம், ரேடியோல சொல்றான். பின்னாலயே துடைப்ப வண்டி வருதாம்."

முடியாமல் நின்றுபோனவர்களை அள்ளிக்கொண்டு வருகிற வேனுக்கு இங்கே அதுதான் பெயர். மூன்று வாரப் பந்தயம், தினமும் ஓர் எல்லை. அன்றைய முதல் ஆள் சேர்ந்த பிறகு, குறித்த நிமிடங்களுக்குள் எல்லையைத் தொடாதவனுக்குப் பந்தயம் அன்றோடு முடிந்தது. மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

"நேரத்துக்குள்ள சேரமாட்டான்போல இருக்கே. ஐயோ பாவம்!"

"ஆமா, பாவம்," என்றாள் மைலிஸ்.

4
'அவள் கணவனின் வெற்றிக்காக மனமுருகி வேண்டிக்கொண்டாள்' என்று அடுத்த வரி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தேன். பச்சைப் பொய். அடித்துவிட்டேன்.

அவன் தோற்கவேண்டும் என்றுதான் அவள் ஆசைப்பட்டாள். தோற்றால் நாளைக் காலையில் அவளோடு உட்கார்ந்து காப்பி குடிப்பான். மிச்சமிருக்கிற ஒன்பது நாளும் அவளுக்கு. ஆனால் அவனுக்கு வயது முப்பத்தாறு, இதுதான் கடைசிப் பந்தயம். பந்தயம் முடிகிற பாரிஸைத் தொடாமல் ஒருமுறைகூடத் திரும்பியதில்லை, அந்த ஒன்றுதான் அவன் பெருமை. அதுவும் அவளுக்குத் தெரியும். எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. நானும் ஒருமுறை ரயில் நிலையத்தில், ஒருவருடைய வண்டி தவறிப்போகவேண்டும் என்று

[இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.]

5
பெயோ வந்தான். முகத்தில் ரத்தமில்லை, சைக்கிள் இங்கும் அங்கும் தள்ளாடியது. இருபது அடி பின்னால் துடைப்ப வண்டி. இப்படி வருகிறவனை முதுகில் கைவைத்து நாலடி தள்ளிவிடுவது இங்கே வழக்கம். சட்டப்படி தப்பு, ஆனால் கடைசி ஆள் என்றால் நடுவர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

"மைலிஸ்… கொஞ்சம் தள்ளும்மா. ஏறிட்டா போதும், எறக்கத்துல புடிச்சிருவேன்."

"தள்ளேன்டி! என்ன மரமாட்டம் நிக்கிற?" என்று கத்தினாள் ஒதில்.

மைலிஸ் ஓடிப்போய் அவன் முதுகில் கையை வைத்தாள்.

6
முடிவு ஒன்று: தள்ளினாள். அவன் பதினோரு விநாடி மிச்சம் வைத்து எல்லையைத் தொட்டான். அவள் தனியாக வேனை ஓட்டிக்கொண்டு திரும்பினாள்.

முடிவு இரண்டு: தள்ளவில்லை. அவன் வீட்டுக்கு வந்தான். ஒன்பது நாளும் டிவியில் பந்தயம் பார்த்தான். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், ஒருமுறைகூட அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

ஒரு விஷயம் சொல்ல விட்டுவிட்டேன். நாற்பத்தோரு நாளைக்குப் பிறகு அவள் அவனைத் தொடுவது இதுதான் முதல் தடவை. சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. அடியில் முதுகு கொதிக்கிறது. மூச்சு ஏறி இறங்குவது உள்ளங்கையில் தெரிகிறது. எந்த முடிவை எழுதினாலும், முதல் வேலையாக அந்தக் கையை அங்கிருந்து நான் எடுத்தாகவேண்டும்.

எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் எடுங்கள்.