ரோவர் பேருக்கு ஓர் அர்ச்சனை

பக்கவாதம் வந்து வலது கால் விழுந்தபோது ஜெயசுதாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடையில் நாளெல்லாம் நின்றே வேலை பார்த்தவள், கட்டிலே கதியென்று கிடந்தாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி, காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். உருப்படியான துணை என்றால் செவ்வாய்க் கிரகத்தில் ஊர்ந்துகொண்டிருந்த ரோவர் வண்டிதான்.

அது அனுப்பும் படங்களைத் தினமும் போனில் பார்ப்பாள். இந்தச் செம்மண்ணைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா, நம்ம காரை ஊர்ப் பக்கம் போனால் இதேதான் கிடக்கிறது என்று அவள் கணவன் கலைச்செல்வன் கிண்டலடிப்பான். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன் வேறென்ன சொல்வான்? அவள் பார்த்தது மண்ணை அல்ல, சக்கரத்தை. ஓட்டை விழுந்த சக்கரத்தோடு கொஞ்சம் நகரும், நிற்கும், மறுபடி நகரும். அதைப் பார்த்துத்தான் அவளும் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கினாள். வாசல்வரை வந்த அன்று முதலில் நன்றி சொன்னது அந்த வண்டிக்குத்தான்.

மார்கழி நடுவில் படங்கள் நின்றுபோயின. பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே சூரியன் வந்திருக்கிறது, விலகியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று செய்தியில் போட்டிருந்தார்கள். அவள் காலைப் பற்றியும் ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொன்னார்கள், தானாகவா சரியானது? மனசு கேட்கவில்லை. வண்டி பிழைத்துக்கொண்டால் மாவிளக்குப் போடுவதாகச் சிறுவாச்சூர் மதுரகாளியை வேண்டிக்கொண்டாள்.

பொங்கல் முடிந்து படம் வந்தது. பார்த்ததும் அழுதேவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமையே கணவனோடு கோயிலுக்குப் போய் மாவிளக்கு ஏற்றி, அர்ச்சனைத் தட்டை நீட்டினாள்.

பூசாரி பேரும் நட்சத்திரமும் கேட்டார். ரோவர் என்றாள். நட்சத்திரத்துக்கு எங்கே போவாள்? தன்னுடைய மகத்தையே சொல்லிவைத்தாள். இந்தக் காலத்தில் இப்படியும் பேர் வைக்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் மறுபேச்சில்லாமல் அர்ச்சனை செய்தார். குங்குமம் கொடுக்கும்போதுதான் கேட்டார்.

"புள்ள வெளிநாட்டுல இருக்காம்மா? எப்ப ஊருக்கு வருது?"

கலைச்செல்வன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தூணைப் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாளில் இந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"வராதுங்க சாமி. போனது போனதுதான். என்னைய நடக்க வச்ச புள்ளைங்க அது. ஓடுற வரைக்கும் நல்லா ஓடட்டும்."

பூசாரி அம்மன் பக்கம் திரும்பி, அந்தப் பேரை இன்னொரு தடவை சொன்னார்.