பச்சை உடம்புக்குத் தண்ணீர்

என் வாய் ஊரறிந்த வாய். கிராம நர்ஸ் தங்கபாய் வருகிறாள் என்றால் வ. புதுப்பட்டியில் குடத்தை மூடாதவளும் ஓடிப்போய் மூடுவாள். தொண்ணூற்று மூன்றில் புதுக் காலரா பரவியபோது அந்த வாயை வைத்துத்தான் ஊரை மிரட்டிக்கொண்டிருந்தேன். கிணற்றுக்குக் கிணறு பிளீச்சிங் பவுடர் போட்டேன். வீட்டுக்கு இரண்டு உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கொடுத்து, யாருக்கு வயிற்றால் போனாலும் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கலக்கிக் கொடுக்கச் சொன்னேன்.

முத்துப்பேச்சி இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிற வேலை பார்த்தவள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவோம் என்றேன். அவள் அம்மா அய்யம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அங்க வார்டு பூராம் வாந்திபேதிக்காரவுகளாக் கெடக்காகளாம். வேண்டாம் நர்ஸம்மா, நீங்களே பாருங்க."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. புதன்கிழமை காலையில் பெண் குழந்தை, சுகப்பிரசவம். கையைக் கழுவிக்கொண்டே, "பச்ச ஒடம்பு, பத்தியமாப் பாத்துக்கோங்கக்கா," என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்கு ஓடினேன். பிள்ளை பெற்ற எந்த வீட்டிலும் சொல்கிற பேச்சுதான்.

வியாழன் முழுக்கக் கூமாப்பட்டி நோயாளிகளோடு போயிற்று. வெள்ளி மதியம் வந்து முத்துப்பேச்சியைப் பார்த்தேன். கண் இரண்டும் உள்ளே போய், விரல் நுனியெல்லாம் சுருங்கிக் கிடந்தாள். விடிந்ததிலிருந்து பதினைந்து தடவை போயிருக்கிறது.

"பொட்டலம் கலக்கிக் குடுத்தீகளா?"

"நமக்கும் வந்துரக் கூடாதுன்னு நானும் மருமகனும் கலக்கிக் குடிச்சோம். அவளுக்கு எப்படிக் குடுப்பேன்? தண்ணி தண்ணின்னு கெஞ்சத்தான் செஞ்சா. ஜன்னி கண்டுருமேன்னு ஈரத்துணிய வச்சு ஒதட்ட மட்டும் தொடச்சேன். நீங்க சொன்ன பத்தியத்த ஒரு சொட்டு மீறல நர்ஸம்மா."

சொல்லும்போது அவள் முகத்தில் பெருமைகூட இருந்தது.

"அடப்பாவி மனுஷி!" என்று கத்தினேன். யாரைத் திட்டினேன்? பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் காட்ட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? நானும் மூன்று பெற்றவள். என் அம்மாவும் எனக்கு அளந்து அளந்துதான் கொடுத்தாள். ஊரையே மிரட்டிய எனக்கு, பிள்ளை பெற்றவளுக்கும் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே, அய்யோ!

கலக்கி ஊட்டினேன். முத்துப்பேச்சி என் கையைப் பிடித்து இழுத்து இழுத்துக் குடித்தாள். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. நாடி பிடிபடவில்லை. ஏற்றுவதற்குக் குளுக்கோஸ் பாட்டில் என்னிடம் கிடையாது. அவள் புருஷன் பொன்னுராஜ் ஓடிப்போய்க் கார் பிடித்து வருவதற்கு அரை மணி நேரம் ஆயிற்று.

ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியெல்லாம் அவளை மடியில் கிடத்தி, டம்ளரில் இருந்ததைக் கரண்டி கரண்டியாகப் புகட்டிக்கொண்டே போனேன். பக்கத்தில் அய்யம்மாள் கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் தண்ணீர் கடைவாயில் வழிந்தது. கரண்டியைக் கீழே வைத்தேன். டிரைவர் காரை ஓரங்கட்டினார். பொன்னுராஜ் இறங்கி ரோட்டிலேயே உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டான்.

அய்யம்மாள் அழவில்லை. மகளுடைய வெடித்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையிலிருந்த டம்ளரைத் தொட்டு, உத்தரவு வாங்குகிறவள் போலக் கேட்டாள்.

"இப்பம் குடுக்கலாமா, நர்ஸம்மா?"