கர்ப்பப்பைக்கு முழங்கால் கட்டு

எனக்கு ஆபரேஷன் நடந்தது கர்ப்பப்பை இறங்கியதற்கு. என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிவைத்தது முழங்கால் என்று.

"அதை எப்படிம்மா நாலு பேர்கிட்ட வாயால சொல்றது?" என்றார். பஸ் ஓட்டுகிற மனுஷர். குறுக்கே வருகிறவனின் பரம்பரையையே இழுத்துத் திட்டுகிற வாய்க்கு, பெண்டாட்டியின் கர்ப்பப்பை மட்டும் கூச்சமாம்!

வேலை பார்க்கிற லாண்டரியில் ஈரப் போர்வைகளை வருஷக்கணக்காகத் தூக்கித் தூக்கி, கீழே தாங்குகிற தசையெல்லாம் தளர்ந்துவிட்டது. டாக்டரம்மா சரிசெய்து அனுப்பும்போது கறாராகச் சொன்னார்: "தினமும் நல்லா நடங்க. கனமா எதையும் தூக்காதீங்க, முக்காதீங்க. தையல் விட்டுச்சுன்னா மறுபடி மொதல்லேர்ந்துதான்." மறுபடியும் அந்த ஆபரேஷன் மேஜையா?

முழங்காலுக்கோ சட்டமே தலைகீழ். நடக்கக் கூடாது, கை சும்மாதானே இருக்கிறது, எதையும் தூக்கலாம். நான் வாசலைத் தாண்டினால் எதிர்வீட்டுக்காரி கத்துவாள்: "ஐயையோ, முட்டி போயிடும், உக்காருங்க!" அதனால் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். வீட்டுக்காரர் சாட்சிக்கு என் காலில் பெரிய கட்டு வேறு போட்டார். ஒருநாள் இடது காலில், மறுநாள் வலது காலில். கேட்டவர்களிடம், "வலி எடம் மாறுது" என்று கூசாமல் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைய சொந்தக்காரர்கள். நாத்தனார் இடுப்பில் மகனோடு வந்தாள். நடக்கவே ஆரம்பிக்காத பிள்ளை, மூட்டை மாதிரி இருந்தான்.

"அண்ணி, இவனைக் கொஞ்சம் வாங்கிக்குங்க. காலுக்குத்தானே ஆபரேஷன், கைக்கு என்ன கேடு?"

பையன் என்மேல் தாவினான். வீட்டுக்காரரைப் பார்த்தேன். மனுஷர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தூக்க மாட்டேன்! எனக்கு முட்டியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. கர்ப்பப்பை எறங்கிடுச்சு, தூக்கி வச்சுத் தச்சிருக்காங்க. தையல் பிரிஞ்சா நீங்களா போய்ப் படுப்பீங்க?"

மாமனார் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார். வீட்டுக்காரர் அசடு வழிய எழுந்துவந்து பையனை வாங்கிக்கொண்டார்.

கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தேன். பின்னாலேயே நாத்தனார் ஓடிவந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நானும் நாக்கைத் தீட்டிக்கொண்டேன்.

தெருமுனை வரை என் பக்கத்திலேயே நடந்துவந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, பையன் பொறந்ததிலேர்ந்து எனக்கும் கீழ என்னமோ எறங்கி நிக்குது. இருமினா துணி நனையுது. பயமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லல."

இந்த நிலைமையிலா அவனை இடுப்பில் சுமந்துகொண்டு வந்தாள், பாவி! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அட லூசு, என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"நீங்க சொன்னீங்களா?" என்றாள்.